சாயக் கழிவுநீரும் மரவள்ளி மாவும்

சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடக்கையில் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு காவிரியை நோக்கிச் செல்கிறது. அந்நீரைப் பாய்ச்சும் குடியானவரும், சாயமிட்ட நூலால் பிழைக்கும் நெசவாளரும் கூட்டுறவு அங்கத்தினர்களே. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

பருத்திச் சாயங்களின் மூலக்கூறுகள் நீரில் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் தாமாகப் படிவதில்லை. மரவள்ளி மாவின் சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறில், ரசாயன முறையால் நேர் மின்னேற்றமுள்ள கூறுகளை இணைத்தால், அது சாயத்தை இழுத்துப் பிணைத்துத் திரளாக்கும். திரள் கனத்து அடியில் தங்கும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் முன்னோர் செய்கையும் ஏறக்குறைய இத்தகையதே. சாதாரணக் கஞ்சி மாவைக் கொட்டினால் இப்பலன் கிட்டாது, கழிவுதான் மிகும்!

சேலத்தில் 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக ஜவ்வரிசியும் மாவும் விற்பனையாகின்றன, மூலப்பொருளுக்குக் குறைவில்லை.

எனினும், சாயமேற்றச் சேர்க்கும் உப்பை இம்மாவு நீக்காது. நீர் தெளிந்து தோன்றினும் நிலத்தைக் கெடுக்கும் உப்பு அதிலேயே இருக்கும். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை அங்கத்தினர்கள் அறிவர். உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கலமும் தனிப்பட்டறையால் தாங்கவொண்ணாத செலவுடையவை. பொது நிலையமே தகும். படிந்த சாயச் சேற்றை எருவென்று வயலில் இடலாகாது.