ஒரே ஏடு, இரு கரை: கணிப்பொறிக் கோர்களிடையே எழும் கேஷ் நெருக்கடியும் அதன் பரிகாரமும்

கொச்சி நகருக்குத் தெற்கே, உப்பங்கழிகள் சூழ அமைந்த கும்பளங்கி என்னும் கிராமம் சீன வலைகளுக்கும் பொக்காளி நெல்வயல்களுக்கும் பெயர்பெற்றது. அவ்வூரில் ஒரு கழியின் இரு கரைகளிலும் இரண்டு கணக்கர்கள் அமர்ந்து மீன் வரவை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஏடு ஒன்றே. வடகரைக் கணக்கர் இடப் பத்தியிலும், தென்கரைக் கணக்கர் வலப் பத்தியிலும் எழுதுகின்றனர். ஒருவர் கணக்கில் மற்றவர் கை வைப்பதில்லை. எனினும், ஒவ்வொரு கூடை நிறுக்கப்படும்போதும் அவ்வேடு வள்ளத்தில் ஏறிக் கழியைக் கடந்தாக வேண்டும். கணக்கில் பிழை நேராது. பொழுது மட்டும் வள்ளத்திலேயே கழியும். மூன்றாவது கணக்கர் ஒருவரை நியமித்தாலோ, வேலை விரைவதற்கு மாறாக மேலும் தாமதப்படும்.

இன்றைய கணிப்பொறிகளினுள் இதே சங்கடம் நிகழ்கின்றது. 2002ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த ‘சேஃப்’ என்னும் கடலடி வடம் கரையேறிய இடங்களுள் கொச்சியும் ஒன்று. இத்தகைய வடங்களின் வழியே செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரியையும் படித்து உரிய வழியில் திருப்பிவிடும் பணியை, அதற்கெனவே செய்யப்பெற்ற விலைமிகுந்த இயந்திரங்களன்றி, சாதாரணக் கணிப்பொறிகளும் தக்க மென்பொருளின் துணைகொண்டு செய்ய இயலும். பொதுப்பணம் மிச்சமாகும் இம்முறை வெற்றிபெறுவதும் தோல்வியுறுவதும் நாம் இங்கு ஆராயும் குறையைக் களைவதைப் பெரிதும் பொறுத்தது.

காலக் கணக்கை முதலில் காண்போம். விநாடிக்கு 1,000 கோடி பிட்டுகளைக் கடத்தும் ஓர் ஈத்தர்நெட் இணைப்பில், மிகச் சிறிய பொட்டலம் இடைவெளியும் முன்குறியும் சேர்ந்து 84 பைட்டு அளவு இடம் கொள்ளும். அவ்வாறாயின் விநாடிக்குச் சுமார் 1.488 கோடி பொட்டலங்கள் வந்து சேரும். ஒரு பொட்டலத்திற்குக் கிடைப்பது 67.2 நானோ விநாடி மட்டுமே. விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலிக்கு இது ஏறக்குறைய 200 துடிப்புகளாகும்.

ஒரு செயலியினுள் ‘கோர்’ எனப்படும் பல கணிப்பு அலகுகள் உண்டு. அடிக்கடி வேண்டிய தரவுகளைக் கையெட்டும் தொலைவில் வைத்துக்கொள்வதற்காக, ஒவ்வொரு கோருக்கும் ‘கேஷ்’ என்னும் சிறிய விரைவு நினைவகம் அமைந்துள்ளது. தரவுகள் இதனுள் தனித்தனி எண்களாக வருவதில்லை. ‘கேஷ் வரி’ என்னும் கட்டுகளாகவே வருகின்றன. பெரும்பாலான செயலிகளில் ஒரு வரி 64 பைட்டு, ஐ.பி.எம். பவர் வகையில் 128 பைட்டு.

ஒரே வரியின் நகல் பல கேஷ்களில் இருக்கும்போது ஒரு கோர் அதனைத் திருத்தினால் மற்ற நகல்கள் பொய்யாகிவிடுமல்லவா? ஆகவே, எழுத விரும்பும் கோர் முதலில் ஏனைய நகல்களைச் செல்லாதவையாக்க வேண்டும் என்பது விதி. இவ்வகை விதிமுறைகளுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்றை, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க் பாப்பமார்க்கோசும் இந்தியரான ஜனக் பட்டேலும் 1984இல் வெளியிட்டனர். விதி கணக்கின் மெய்ம்மையைக் காக்கின்றது. ஆனால், இரு கோர்கள் மாறி மாறி எழுதினால் வரி இங்குமங்கும் அலைகின்றது. ஒரு முறை கடப்பதற்கே பல பத்துத் துடிப்புகள் செலவாகும். கோர்கள் வெவ்வேறு சில்லுகளில் இருப்பின் நூற்றுக்கு மேலும் ஆகும். 200 துடிப்பில் இரண்டு மூன்று கடப்புகளே முழுப்பொழுதையும் விழுங்கிவிடும்.

2010இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 48 கோர்கள் கொண்ட கணிப்பொறியில் 7 மென்பொருள்களை ஓட்டி, லினக்ஸ் அமைப்பைச் சோதித்தனர். அவர்கள் கண்ட இடர்களுள் ஒன்று, பொட்டலங்கள் செல்லும் வழிக்குறிப்பை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்று எண்ணும் ஒரே எண்ணியை எல்லாக் கோர்களும் திருத்த முயன்றதாகும். ஒவ்வொரு கோரும் தன்னிடம் சில எண்ணிக்கைகளை இருப்பாக வைத்துக்கொள்ளுமாறு மாற்றியதும் அந்நெருக்கடி தணிந்தது. லினக்ஸின் கருவில் அவர்கள் செய்த திருத்தங்கள் அனைத்தும் சேர்ந்து 3,002 வரி நிரலே.

பரிகாரங்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, கோருக்கு ஓர் எண்ணி வைத்து, மொத்தம் வேண்டும்போது மட்டும் கூட்டிக்கொள்ளுதல். இரண்டாவது, அவ்வெண்ணிகளை அடுத்தடுத்து வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனி வரி ஒதுக்குதல். இதனைச் செய்யாவிடில், தனித்தனி எண்ணிகளும் ஒரே வரியில் அமைந்து, இரு பத்திகள் கொண்ட ஏட்டின் கதையாகிவிடும். இக்குறைக்குப் ‘போலிப் பகிர்வு’ என்று பெயர். மூன்றாவது, ஒரு வரிசையை ஒரு கோரே தொடுதல். ஒரு பொட்டலத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கோரே கையாளுதல். 2009இல் வெளிவந்த ‘ரௌட்பிரிக்ஸ்’ ஆராய்ச்சி இவ்விரு விதிகளையும் வற்புறுத்தியது. நான்கு சாதாரணக் கணிப்பொறிகளை இணைத்து விநாடிக்கு 3,500 கோடி பிட்டு வேகத்தையும் எட்டியது. நான்காவது, ஒரு கோர் மற்றதற்குப் பொட்டலங்களைக் கொடுத்தே தீரவேண்டுமாயின், ஒவ்வொன்றாக அன்றி, கூட்டமாகக் கொடுத்தல்.

இவற்றிற்கும் எல்லை உண்டு. கோர்கள் அனைத்திற்கும் பொதுவான கடைநிலைக் கேஷ் பல செயலிகளில் உள்ளது. தரவுகளைப் பிரித்து வைத்த பின்னரும், ஒரு கோர் அதனை மிகுதியாக நிரப்பினால் மற்றதன் தரவு வெளியேற்றப்படும். மேலும், ஒரே தொடர்பின் பொட்டலங்கள் அளவுக்கு மீறி வந்தால், அதனை ஏற்ற கோர் ஒன்றே திணறும். மற்றவை சும்மா இருக்கும். ஆதலின், அளந்த பின்னரே திருத்த வேண்டும். எந்த வரி கோர்களிடையே அலைகின்றது என்பதைக் காட்டும் கருவி லினக்ஸில் 2017 முதல் உண்டு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே விளக்கலாம். இரு மாணவரை அறையின் இரு மூலைகளில் நிறுத்தி, ஒரே நோட்டுப் புத்தகத்தில் மாறி மாறி நூறு கோடுகள் இடச் செய்க. நோட்டைக் கொண்டு சேர்க்க மூன்றாம் மாணவரை அமர்த்துக. பின்னர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, இறுதியில் கூட்டச் செய்க. இரு முறைக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் விளக்கம் வேறு வேண்டியதில்லை.

அலுவலகத்தில் வலைத்தொடர்பு மந்தமாகும்போது, மேலும் அதிகக் கோர்கள் கொண்ட இயந்திரம் வேண்டுமென்று விண்ணப்பம் எழுதுவது எளிது. அதற்கு முன்னர், உள்ள கோர்கள் எந்த ஏட்டுக்காகக் கரையில் காத்து நிற்கின்றன என்று பார்த்தல் நலம்.