வண்டிக்கு இன்னும் இரண்டு விளக்கு

சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து பார்த்த பெண்களுக்குத்தான் என் கவலை புரியும். என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். கடைசி நான்கு கிலோமீட்டரும் தென்னந்தோப்பு. தெருவிளக்கே கிடையாது.

ஒருநாள் வெளிறிய முகத்தோடு வந்தார். பின்னால் வந்த லாரி இடித்துவிடுகிற மாதிரி நெருங்கி, கடைசி நொடியில் விலகிப் போயிற்றாம்.

"வண்டியில வெளிச்சம் பத்தலை" என்றவர், மறுநாளே ஹாண்டில்பாரில் இரண்டு பெரிய எல்.ஈ.டி. விளக்குகளை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏங்க, லாரி வந்தது பின்னாடி. விளக்கு போட்டது முன்னாடி. இது என்ன கணக்கு?" என்றேன். சிரித்து மழுப்பினார்.

அன்று மாலை பெருமையாக விளக்கைப் போட்டுக் காட்டினார். இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்ற எனக்கு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. எதிரே பால் கேனோடு சைக்கிளில் வந்த தாத்தா தடுமாறி, சாக்கடை ஓரத்தில் காலை ஊன்றிவிட்டார். "யாருப்பா அது? கண்ணே தெரியலையே!" என்று அவர் கத்தியதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. நம் வீட்டு மனிதர் பத்திரமாக வர வேண்டும் என்பதற்காக இன்னொரு வீட்டு மனிதரைப் பள்ளத்தில் தள்ளலாமா?

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே மெக்கானிக் கடைக்குப் போனேன். அந்த அண்ணன் முதலில் பார்த்தது பின் விளக்கை! அந்த பல்புக்குள் இரண்டு இழைகளாம். பிரேக் பிடித்தால் எரிவது ஒன்று, எப்போதும் எரிவது ஒன்று. எப்போதும் எரிய வேண்டியது கருகிப் போயிருந்தது. பிரேக் விளக்கு எரிந்ததால் இவருக்குச் சந்தேகமே வரவில்லை. லாரிக்காரர் கண்ணுக்கு வண்டி தெரியாததில் என்ன ஆச்சரியம்?

"பார்க்கிறதுக்கு ஒரு வெளிச்சம், மத்தவங்க நம்மளைப் பார்க்கிறதுக்கு ஒரு வெளிச்சம். ரெண்டும் வேணும்மா" என்றார் அண்ணன். 2017 ஏப்ரலிலிருந்து புதிய இரு சக்கர வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் தானாக எரிவதுகூட மற்றவர் பார்ப்பதற்குத்தானாம்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

* ஒற்றை விளக்கு வந்தால் அது எத்தனை தூரத்தில் வருகிறதென்று எதிரே வருபவருக்குச் சட்டென்று தெரியாது. ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் தள்ளி இரண்டு சின்ன விளக்குகள் முக்கோணமாக இருந்தால் கணிப்பது சுலபம்.

* விளக்குகள் சற்றே தரையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும். பின்னால் நாமும் உட்கார்ந்தால் வெளிச்சம் மேலே தூக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* 10 வாட் விளக்கு இரண்டு போதும். 12 வோல்ட் பாட்டரியில் இரண்டும் சேர்ந்து 2 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். ஹெட்லைட் ஒயரை அறுத்து ஒட்டுப் போடாமல், தனி ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ் வைத்துத்தான் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயர் சூடாகி உருகிவிடும்.

* வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. மாட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதிரே ஆள் வந்தால் கூடுதல் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

* பின்பக்க மட்கார்டிலும் ஹெல்மெட்டின் பின்புறமும் ஒளியைத் திருப்பி அடிக்கும் சிவப்பு டேப் ஒட்டுங்கள். செலவு சொற்பம், கரண்டும் வேண்டாம். சேறு படிந்தால் மட்டும் துடைக்க வேண்டும்.

பெரிய விளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, சின்னதாக இரண்டு மாட்டினோம். பின் விளக்குக்குப் புது பல்பு போட்டதுதான் எல்லாவற்றிலும் மலிவு!

இப்போது சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. இவர் வண்டியில் உட்கார்ந்து விளக்கைப் போடுவார். நானும் குழந்தையும் பின்னால் நிற்போம். "சிகப்பூ!" என்று அவள் கை தட்டினால்தான் இவர் வேலைக்குக் கிளம்பலாம்.

இன்றைக்கு மாலை உங்கள் வீட்டு வண்டியின் பின்னாலும் ஒரு நிமிஷம் நின்று பாருங்களேன்!