சிறந்த கோச் யார்? எதை வைத்துச் சொல்வது?

என்பிஏ கூடைப்பந்தில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்குத் தருவது ரெட் ஆர்பாக் கோப்பை. 9 முறை சாம்பியன் பட்டம் வென்ற ஆர்பாக்குக்கே அந்த விருது ஒரே தடவைதான், 1965-ல்! (விருதே 1963-ல்தான் ஆரம்பம், அதையும் சொல்லிவிடணும்.) 11 பட்டம் வென்ற பில் ஜாக்சனுக்கும் ஒன்றுதான், 1996-ல். ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள். "இந்த டீமா இவ்வளவு தூரம் வந்தது?" என்று வியக்க வைத்தவருக்கே ஓட்டு விழுகிறது.

1985-ல் தொடங்கிய நம்ம துரோணாச்சாரியார் விருது வேறு மாதிரி. சர்வதேசப் போட்டிகளில் மாணவர்கள் வாங்கும் பதக்கம்தான் அதில் முக்கியம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் நன்றாக ஆடும் பையன் வெளியூர் விளையாட்டு விடுதிக்குப் போய்விட்டால், பதக்கம் வரும்போது முதலில் பந்தைக் கையில் கொடுத்த பி.டி. சார் கணக்கிலேயே இருக்கமாட்டார். மாவட்ட லீகுகளுக்கு அமெரிக்கக் கணக்குதான் சரி: போன வருஷம் கடைசியில் கிடந்த டீமை அரையிறுதிக்குக் கொண்டுவந்தவருக்குக் கொடுங்கள்.