வீட்டார் ஒப்பாத சைவம்: உணவை மாற்ற விரும்பும் வளரிளம் பருவத்தினர் அறிய வேண்டியவை

புதுதில்லி: மீனும் இறைச்சியும் வழக்கமாகச் சமைக்கப்படும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, இனி அவை வேண்டாம் என்று ஒருநாள் சொன்னால் பல குடும்பங்களில் முதலில் கோபமும் அடுத்துக் கவலையும் எழுகின்றன. பாலும் தயிரும் நெய்யும் இல்லாமல் ஒரு வேளைகூட நகராத வட இந்தியச் சைவக் குடும்பங்களில், பிள்ளை 'வீகன்' எனப்படும் நனிசைவத்திற்கு மாறினாலும் நிலைமை இதுவே. வளர்ச்சி வேகமாக நிகழும் 13 முதல் 18 வயதுக்குள், வீட்டின் ஒத்துழைப்பு இல்லாமல் உணவுமுறையை மாற்றுவது எந்த அளவுக்குச் சாத்தியம், அதில் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

இந்தியா சைவ நாடா?

இந்தியர்களில் பெரும்பாலோர் சைவ உணவு உண்பவர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட 5-ஆவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆண்களில் 83 சதவீதத்துக்கும் அதிகமானோரும், பெண்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோரும் எப்போதாவதேனும் அசைவம் உண்கின்றனர். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் வயதுவந்தோரில் 39 சதவீதம் பேர் தங்களைச் சைவர் என்று கூறிக்கொண்டனர். குறிப்பிட்ட நாள்களில் தவிர்ப்பவர்களையும் சேர்த்தால், ஏதேனும் ஒரு வகையில் இறைச்சியைக் கட்டுப்படுத்துவோர் 81 சதவீதம்.

இந்தக் கடைசி எண், வீட்டில் பேச்சைத் தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியது. மகாராஷ்டிரத்தில் ஆவணி விரதக் காலத்திலும், ஒடிசாவில் கார்த்திக மாதத்திலும் அசைவத்தை விலக்கும் குடும்பங்கள் ஏராளம். செவ்வாய், சனி, ஏகாதசி என நாள் பார்த்துத் தவிர்ப்போரும் உண்டு. அந்நாள்களில் சமைக்கப்படும் பருப்பும் காய்கறியும் அந்த வீட்டுச் சமையலறைக்குப் பழகியவையே. புதிய உணவுமுறையை அறிமுகப்படுத்துவதாகச் சொல்வதைவிட, அந்த நாள்களை நீட்டிக்கக் கேட்பது எளிது.

பெற்றோர் ஏன் தயங்குகின்றனர்?

உடல்நலம் குறித்த அச்சம் முதல் காரணம். இரண்டாவது காரணம், இந்தியாவில் உணவு வெறும் உணவாக மட்டும் இருப்பதில்லை என்பது. சாதி, மதம், வட்டாரம் ஆகியவற்றின் அடையாளமாகவும் அது விளங்குகிறது. இறைச்சி உண்பதற்காகத் தாழ்வாக நடத்தப்பட்ட அனுபவம் உள்ள சமூகங்களில், பிள்ளை அதைத் துறப்பது தங்கள் உணவை இழிவெனக் கருதுவதாகப் பொருள்கொள்ளப்படலாம். திருமணச் சீர்வரிசையிலேயே மீன் இடம்பெறும் வங்காளத்தில், மீனை மறுப்பது உறவை மறுப்பதாகவும் தோன்றக்கூடும்.

மூன்றாவது காரணம் உழைப்பு. ஒருவருக்காகத் தனிச் சமையல் என்றால், அந்தச் சுமை பெரும்பாலும் தாயின் மீதே விழுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுப்பப்படும் கோரிக்கை, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வீட்டில் எடுபடுவது அரிது.

உணவுத் தேர்வில் இளம் வயதினரும் பெற்றோரும் முரண்படுவது புதிதன்று. சைவக் குடும்பத்தில் பிறந்த காந்தியடிகள், ராஜ்கோட்டில் மாணவராக இருந்தபோது வீட்டுக்குத் தெரியாமல் இறைச்சி உண்டதையும், பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததே மனத்தை உறுத்தியதால் அதைக் கைவிட்டதையும் தமது சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். தாய்க்கு அளித்த வாக்குக்காகச் சைவராக லண்டன் சென்ற அவர், ஹென்றி சால்ட் எழுதிய நூலைப் படித்த பிறகே தாமே விரும்பிச் சைவரானார். பிற்காலத்தில் பாலையும் விலக்கிய அவர், கடும் நோய்க்குப் பின் ஆட்டுப்பால் அருந்த இசைந்தார்.

உடலுக்குத் தேவையானது எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதமும் 32 மில்லிகிராம் இரும்புச்சத்தும் தேவை. அதே வயது ஆணுக்கு 55 கிராம் புரதமும் 26 மில்லிகிராம் இரும்புச்சத்தும் தேவை. இருபாலருக்கும் கால்சியம் 1,050 மில்லிகிராம்.

இறைச்சியை நிறுத்திவிட்டு, அதே சோற்றையும் குழம்பையும் மட்டும் உண்பதுதான் இந்த மாற்றத்தில் பலர் செய்யும் தவறு. விலக்கிய உணவின் இடத்தில் பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும். 300 கிராம் அரிசி அல்லது கோதுமையில் ஏறத்தாழ 24 முதல் 32 கிராம் புரதமும், 75 கிராம் பருப்பில் சுமார் 17 கிராம் புரதமும் கிடைக்கும். இவற்றுடன் ஒரு குவளை பாலோ, ஒரு கைப்பிடி நிலக்கடலையோ சேர்ந்தால் பெண்ணின் தேவை பெரும்பாலும் நிறைவேறும். ஆணுக்குப் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். இவை எதுவும் விலையுயர்ந்த பொருள்கள் அல்ல.

இரும்புச்சத்து இன்னும் கவனத்துக்குரியது. 5-ஆவது தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 31.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. அசைவம் உண்போரே அதிகமுள்ள நாட்டில் நிலை இதுவென்றால், தட்டில் இறைச்சி இருப்பது மட்டுமே பாதுகாப்பாகாது என்பது தெளிவு. அதே வேளையில், ஏற்கெனவே குறைபாடு உள்ள பெண் திட்டமின்றி உணவைக் குறைத்தால் பாதிப்பு கூடும். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஈர்க்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி அதை மேம்படுத்தும். உணவுடன் அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும்.

பாலை விலக்குவோருக்குக் கால்சியம் அடுத்த கேள்வி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. எள், முருங்கைக்கீரை ஆகியவையும் உதவும்.

மாற்று இல்லாத பி12

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாவும் இதற்கு மாற்றாகாது. பாலும் தயிரும் முட்டையும் உண்போருக்கு ஓரளவு கிடைக்கும். நனிசைவர்கள் மருத்துவர் பரிந்துரைக்கும் மாத்திரையையோ, இச்சத்து போதிய அளவில் சேர்க்கப்பட்ட உணவையோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். செறிவூட்டப்பட்ட அரிசியில் பி12 சேர்க்கப்படுகிறது என்றாலும், அதன் அளவு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் மட்டுமே. நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படும் நிலையில், இந்த அரிசியை மட்டும் நம்பியிருக்க இயலாது.

கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு தாமதமாகவே வெளிப்படும். தொடர் சோர்வு, கை கால் மரத்துப்போதல், மறதி ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

நன்கு திட்டமிட்ட சைவ, நனிசைவ உணவுமுறைகள் வளரிளம் பருவத்துக்கும் ஏற்றவை என்று அமெரிக்க ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அகாதெமி 2016-இல் தெரிவித்தது. 2025-இல் அது வெளியிட்ட புதிய அறிக்கை வயதுவந்தோரை மட்டுமே கருத்தில் கொண்டது. 'நன்கு திட்டமிட்ட' என்ற நிபந்தனை இதில் முக்கியமானது.

பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பச்சை வட்டம் சைவத்தைக் குறிக்கும். ஆனால், அப்பொருளில் பாலும் தேனும் இருக்கலாம். முட்டை சேர்ந்த உணவுக்கு அசைவக் குறியான பழுப்பு முக்கோணமே இடப்படும். நனிசைவ உணவுகளுக்கென 2022-இல் தனி விதிமுறைகளை வெளியிட்ட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பச்சைச் சதுரத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்து கொண்ட குறியீட்டை நிர்ணயித்துள்ளது.

வீட்டில் பேசுவது எப்படி?

மற்றவர்கள் அசைவம் உண்டுகொண்டிருக்கும்போது அதைக் குறைகூறிப் பேச்சைத் தொடங்குவது பயன்தராது. உணவு வேளைக்கு வெளியே, தனது காரணத்தையும் அசைவத்துக்குப் பதிலாக உண்ணப்போவதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. வாரத்தில் சில நாள்கள் எல்லோருக்குமாகப் பருப்போ கொண்டைக்கடலையோ தானே சமைத்தால், தாயின் சுமை குறைவதுடன் பெற்றோரின் அச்சமும் தணியும். இறைச்சி சேர்க்கும் முன் குழம்பில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைப்பது, தனிக் கரண்டி வைத்துக்கொள்வது போன்ற சிறு ஏற்பாடுகளும் உதவும். பாலையும் முட்டையையும் ஒரே நாளில் விலக்காமல் படிப்படியாக மாறுவது, இருதரப்புக்கும் அவகாசம் தரும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிள்ளை ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போவது, எடை வேகமாகக் குறைவது, மாதவிடாய் நிற்பது, பிறருடன் அமர்ந்து உண்பதைத் தவிர்ப்பது ஆகியவை உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது சைவமா அசைவமா என்ற வாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரை அணுக வேண்டும்.

உதவி எங்கே?

மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின்கீழ், 10 முதல் 19 வயதினருக்கான ஆலோசனை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. ஊட்டச்சத்து ஆலோசனையும் அவற்றின் பணிகளுள் ஒன்று. வாராந்திர இரும்புச்சத்து மற்றும் ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம் பள்ளிகள், அங்கன்வாடிகள் வாயிலாகச் செயல்படுத்தப்படுகிறது. உணவை மாற்றும் முன் ஹீமோகுளோபின், பி12 அளவுகளைப் பரிசோதித்து, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் பார்ப்பது நல்லது. அந்த முடிவுகளைப் பெற்றோருடன் சேர்ந்து மருத்துவரிடம் காட்டினால், வீட்டில் நிலவும் கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்கவும் வழி பிறக்கும்.