அகலத்திரை வாங்குமுன் அறிய வேண்டியவை

பத்தாம் வகுப்பு மாணவி

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது முதுமொழி. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த எங்களுக்கு இது வெறும் பழமொழி அன்று, அன்றாடப் பாடம். கணிப்பொறித் திரை வாங்குவதற்கும் இப்பாடம் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் தம்முடைய பழைய கணிப்பொறியை எனக்குத் தந்தார். அதில் இருந்தது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, உலகெங்கும் பலர் கூடி வளர்த்து வரும் இயங்குதளம் அது. விலை கொடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஆகவே லினக்ஸ் நமக்கு அந்நியப் பொருள் அன்று.

கணிப்பொறி வந்தது, திரை இல்லை. அம்மா இறால் விற்ற காசில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துத் தந்தார். "பெரிய திரையாகப் பார்த்து வாங்கு பாப்பா. அலை எவ்வளவு உயரம் என்று போடுகிறார்களே, அந்தப் படத்தை நானும் பார்ப்பேன்" என்றார் அப்பா. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் வரைபடத்தைத்தான் அவர் சொன்னார். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் அளவைக் காண்போம். திரையின் அளவு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள நீளம். இங்கே நம் கணக்குப் பாடமான பிதாகரஸ் தேற்றம் கைகொடுக்கிறது. பழைய திரைகளின் அகலமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தன. எனவே 15 அங்குலத் திரையின் அகலம் 12, உயரம் 9 அங்குலம். பரப்பு 108 சதுர அங்குலம். இன்றைய அகலத்திரையின் விகிதம் பெரும்பாலும் 16-க்கு 9. அதே 15 அங்குலத்தில் அதன் பரப்பு சுமார் 96 சதுர அங்குலமே! பழைய திரையின் 9 அங்குல உயரம் வேண்டுமானால், 256-உடன் 81-ஐக் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள். ஏறத்தாழ 18.4 அங்குலம் வரும். எண் ஒன்றே என்று எண்ணி ஏமாறக் கூடாது.

அடுத்தது புள்ளிகளின் எண்ணிக்கை. வலையின் கண்கள் எத்தனை என்பது அதை முடியும்போதே தீர்ந்துவிடுகிறது அல்லவா? திரையும் அப்படியே. 1366-க்கு 768, 1920-க்கு 1080 என்று அதன் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே நிலைபெற்றுவிடும். கணிப்பொறி அதே எண்ணிக்கையில் படம் அனுப்பினால் எழுத்துகள் தெளிவாக இருக்கும், இல்லையேல் மங்கும்.

மூன்றாவது, பொருத்தம். திரையுடன் வரும் குறுந்தகட்டில் லினக்ஸுக்கு ஒன்றும் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். சாதாரணத் திரைக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. 'ஈடிஐடி' என்ற 128 பைட் கொண்ட சிறு குறிப்பு திரைக்குள் இருக்கிறது. வெசா அமைப்பு 1994-இல் வகுத்த முறை இது. தன்னைச் செய்த நிறுவனம், தன் அளவு, தனக்கேற்ற புள்ளிக்கணக்கு ஆகியவற்றைத் திரை இதன் வழியே கணிப்பொறிக்குச் சொல்கிறது. நாம் பார்க்க வேண்டியது, கணிப்பொறியிலுள்ள கிராபிக்ஸ் சில்லு அந்தப் புள்ளிக்கணக்கைத் தருமா, லினக்ஸ் அந்தச் சில்லை அறியுமா என்பதே. இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான மென்பொருள் லினக்ஸிலேயே அடங்கியுள்ளது. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகியவற்றுள் இரண்டிலும் பொதுவாக உள்ள இணைப்பு எது என்பதையும் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்துத்தான் 1920-க்கு 1080 திரை ஒன்றை வாங்கினோம். வீட்டில் பூட்டியதும் முகங்கள் எல்லாம் பூசணிக்காய்போல் விரிந்து தெரிந்தன! "லினக்ஸுக்கு இது ஒத்துவராது. அதை எடுத்துவிட்டு வேறு போடுங்கள், செலவாகும்" என்றார் விசாரித்த ஒருவர். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை வாட்டியது.

அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எந்தக் கேபிள் போட்டிருக்கிறாய்?" என்றார் அவர். பழைய விஜிஏ கேபிளைத்தான் மாட்டியிருந்தேன். கழற்றிப் பார்த்தால், 12-ஆம் ஊசி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திரையின் குறிப்பு கணிப்பொறிக்குப் போவது 12, 15 ஆகிய ஊசிகளின் வழியேதான். குறிப்பு கிடைக்காததால் லினக்ஸ் பொதுவான 1024-க்கு 768 அளவில் படம் அனுப்ப, அகலத்திரை அதை இழுத்துக் காட்டியது. குற்றம் லினக்ஸிலும் இல்லை, திரையிலும் இல்லை! வேறு கேபிள் போட்டதும் படம் நேரானது. அன்று மாலை அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடலின் வரைபடத்தை வெகுநேரம் பார்த்திருந்தார்.

ஆகவே தோழியரே, இயன்றால் உங்கள் கணிப்பொறியையே கடைக்கு எடுத்துச் சென்று, அதே கேபிளால் பூட்டிப் பாருங்கள். ஏரியோர வீடுகளில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். அவற்றை உலர்வாக வைத்திருங்கள். பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைச் செலவிடுமுன் ஒருமுறை கணக்கிடுவதும், பழுது நேர்ந்தால் பழி சொல்லுமுன் காரணத்தைத் தேடுவதும் கற்றவர்க்கு அழகு.