உஷார்! மச்சுப் பலகைக்கு எண்ணெய் பூசப் போகிறீர்களா?

தீக்குச்சி வேண்டாம். பீடி வேண்டாம். கரண்ட் கோளாறும் வேண்டாம். பலகை துடைத்த எண்ணெய்த் துணி தானாகவே பற்றிக்கொள்ளும்!

நம்பக் கஷ்டமாக இருக்கும். திண்டுக்கல் ரத வீதிப் பக்கம் பழைய மெத்தை வீடு ஒன்றில் இருந்தவர்களும் நம்பவில்லை. வீட்டில் விசேஷம் வருகிறதென்று மச்சுப் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். துடைத்த துணியையெல்லாம் சாக்கில் திணித்து, மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நடுச்சாமத்தில் பாட்டிக்குத்தான் முதலில் நெடி தட்டியது. சாக்கு கனன்றுகொண்டிருந்தது. கீழ்ப்படிகள் கருகிவிட்டன. படி முழுசாக எரிந்திருந்தால் மேலே தூங்கிய பிள்ளைகள் எப்படி இறங்கியிருப்பார்கள்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பீடியை அணைக்காமல் போட்டிருப்பான் என்று மறுநாள் எல்லாரும் வேலைக்கு வந்த ஆசாரி மேல் பாய்ந்தார்கள். பாவம், அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

பிறகு எப்படிப் பற்றியது? தேங்காய் எண்ணெய் இறுகிக் காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகும். இறுகும்போது சூடு வெளியேறும். துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டித் திணித்தால் உள்ளுக்குள்ளேயே ஏறும். சில மணி நேரம் போதும், புகையும், பற்றும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் பற்றியதும் இப்படித்தான். 22-வது மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணி. எட்டு மாடிகள் எரிந்தன. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் செத்துப்போனார்கள்.

அதனால் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். தேக்கு எண்ணெய், மெழுகு எண்ணெய் என்று பெயர் எதுவானாலும் உள்ளே ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ இருந்தால் அதே ஆபத்து. எண்ணெய் வார்னிஷும் அப்படித்தான். எண்ணெய் ஊறிய பழைய தரையைத் தேய்த்த மெஷினின் தூசிப்பைகூட விட்டுவைத்தால் புகையும்.

'என்.சி. லாக்கர் அடிக்கலாம், சீக்கிரம் காயும்' என்பார்கள். வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும். பலகை இடுக்கு வழியாகக் கீழே சமையற்கட்டுக்கு இறங்கும். கேஸ் அடுப்போ, பூஜை விளக்கோ, ஃபிரிட்ஜின் ஒரு பொறியோ போதும்.

மெலமைன் பாலீஷ் காயும்போது ஃபார்மால்டிஹைடு கிளம்பும், கண் எரியும். அரக்கு பாலீஷ் கால்படும் தரைக்கு நிற்காது. டூ-பேக் பி.யூ. (பாலியூரித்தேன்) உறுதியானதுதான், ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு, மரத்தரைக்கென்றே விற்கும் ஒற்றை டப்பா வாட்டர் பேஸ்டு பி.யூ. வாங்கச் சொல்வேன். விலை கூடத்தான். ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசுங்கள். ஐப்பசி அடைமழையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், காயாமல் இழுத்தடிக்கும்.

பலகையில் பழைய பெயிண்ட் இருந்து தேய்த்தீர்களா? இன்னும் உஷார்! வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தப் பழைய தூளில் ஈயம் இருக்கலாம். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும், மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுத்த பிறகே பூச்சு.

தலை கிறுகிறுக்கிறதா? கண்ணில் நீர் வடிகிறதா? குழந்தைக்கு மூச்சு இழுக்கிறதா? வேலையை நிறுத்திவிட்டு உடனே வெளியே வாருங்கள்.

எண்ணெய்த் துணியை ஆட்கள் கிளம்பும் முன்னாலேயே எண்ணி வாங்குங்கள். வெளியே நிழலில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, முக்கி, மூடிவையுங்கள். மூட்டை கட்டிய துணி தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ, காய்ந்த எண்ணெய் தீய்கிற வாடை வந்தாலோ, மணி எத்தனையானாலும் எல்லாரையும் எழுப்புங்கள். புகைகிற சாக்கைப் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டால் குப்பென்று எரியும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு 101-க்குப் போன் போடுங்கள்.