கல் வெட்டும் இடத்துக்கு முதலில் தண்ணீர் வரட்டும்

திருமுல்லைவாயில், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, காட்டுப்பாக்கம் என்று சென்னையின் மேற்குப் புறநகரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கிறது. பூச்சு வேலை முடிந்ததும் சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் கிரானைட் வந்து இறங்கும். வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒருவர் குந்தி உட்கார்ந்து கட்டிங் மிஷினைப் போடுவார். அடுத்த நிமிடம் அவர் முகம், தலைமுடி, இமை எல்லாம் வெளுத்துப்போகும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருப்பார். அந்தத் துண்டு அவரைக் காப்பாற்றாது.

கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து

கிரானைட்டில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சிலிகா என்ற கனிமம் இருக்கும். மணற்கல்லில் இன்னும் அதிகம். மார்பிளில் மிகக் குறைவு. மாடுலர் கிச்சன்களில் இப்போது விரும்பிப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிகாதான். இந்தப் பலகைகளை வெட்டிய இளைஞர்கள் சில வருடங்களிலேயே நுரையீரல் கெட்டுப்போனதைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அவற்றுக்குத் தடையே விதித்துவிட்டது.

கல் மட்டுமல்ல, கான்கிரீட்டும் செங்கல்லும் இதே கதைதான். பல்லாவரம், திரிசூலம் பக்கம் உடைத்த கருங்கல் ஜல்லிதான் இந்த ஊரின் பழைய தளங்களிலும் தூண்களிலும் இருக்கிறது. அதிலும் குவார்ட்ஸ் உண்டு, குவார்ட்ஸும் சிலிகாதான். ஒயரிங் குழாய்க்காகச் சுவரில் காடி எடுக்கும் எலக்ட்ரீஷியனும், பழைய தளத்தை உடைப்பவரும், கூட்டிப் பெருக்கும் சித்தாளும் அதே தூசியைத்தான் இழுக்கிறார்கள்.

மேகம்போல் கிளம்பும் பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள்தான் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போகின்றன. அவற்றை விழுங்க வரும் உடலின் காவல் செல்கள் தாமே செத்துப்போகின்றன. அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, நுரையீரல் சிறிது சிறிதாக இறுகுகிறது. இதுதான் சிலிகோசிஸ். பெரும்பாலும் 10 வருடங்களுக்கு மேல் தூசியில் இருந்த பிறகு தெரியவரும். தூசி மிக அதிகமானால் சில மாதங்களிலேயே வரலாம். வந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும். சிலிகா புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-லேயே உறுதிப்படுத்திவிட்டது.

கோலாரில் நாம் கொடுத்த விலை

இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது 1934-இல், கோலார் தங்கச் சுரங்கத்தில். அங்கே ஆழத்தில் இறங்கிப் பாறை துளைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காட்டிலிருந்தும் மற்றத் தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் போனவர்கள். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோர் நுரையீரலில் இந்த நோய் இருந்தது. ஆக இது நம் குடும்பங்களுக்குப் புதிய நோய் அல்ல. பிறகு குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குப் போன மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி மக்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் கல் வெட்டுபவர்களில் பலர் ராஜஸ்தான், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். நோய் முற்றும்போது அவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள். சொந்த ஊரில் படுத்திருப்பார்கள். அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

ஏன் உலர் வெட்டு?

பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் ஓடினால் தூசியில் பெரும்பகுதி காற்றில் ஏறாமலே சேறாகி வழிந்துவிடும். இது கல் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிறகு ஏன் உலரவே வெட்டுகிறார்கள்? தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பகுதி இது. சேறு வழிந்தால் புதுச் சுவரும் தரையும் பாழாகும் என்று வீட்டுக்காரர் திட்டுவார். ஈரத்தில் மின்சாரம் தாக்கும் என்ற பயமும் இருக்கிறது. அது நியாயமான பயம்.

இந்த மூன்றில் முதல் இரண்டையும் தீர்க்க வேண்டியவர் வீட்டுக்காரர் என்றே நான் சொல்வேன். லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுபவர் வெட்டும் இடத்துக்கு ஒரு டிரம் தண்ணீர் தருவது பெரிய காரியமல்ல. சேறு வழிய வாசலில் ஒரு மூலையை முதல் நாளே காட்டிவிடலாம். மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே “தண்ணி விட்டுத்தான் வெட்டணும்” என்று சொல்லிவிட வேண்டும். அதனால் நேரம் கூடினால் கூலியும் கூடட்டும்.

மின்சாரத்துக்கு வழி இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பொருத்தும்படி செய்த மார்பிள் கட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண கிரைண்டர் மேல் பாட்டிலால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள இணைப்பிலிருந்துதான் ஒயர் வர வேண்டும். ஒயரில் ஒட்டு இருக்கக் கூடாது. தண்ணீர் விட்டு வெட்டினால் பிளேடு சூடேறாமல் நாள் தாங்கும் என்பது தொழிலாளிக்குக் கிடைக்கும் லாபம்.

எல்லாவற்றையும் விட நல்லது, அளவு எடுத்துக்கொண்டு போய்க் கடையின் பெரிய மிஷினிலேயே தண்ணீரில் வெட்டி, சிங்க்குக்கான துளையும் போட்டு, ஓரமும் உருட்டி வருவதுதான். சைட்டில் பொருத்துகிற வேலை மட்டும் மிஞ்சும்.

சேறு காய்ந்தால் திரும்பவும் தூசிதான். ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். விளக்குமாற்றால் பெருக்குவதும், கம்ப்ரஸரில் காற்றடித்து உடம்பையும் சட்டையையும் சுத்தம் செய்வதும் கூடவே கூடாது. அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் குழந்தையின் மூச்சிலும் அது சேரும்.

முகக்கவசம்

துண்டும் துணி மாஸ்க்கும் நுண்துகளைத் தடுக்காது. என்-95 அல்லது எஃப்எஃப்பி-2 வகை மாஸ்க்தான் வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. சென்னை வெயிலில் நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது. எனவே தண்ணீருக்குப் பதிலாக மாஸ்க் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தண்ணீரோடு சேர்த்துத்தான் மாஸ்க்.

இருமலும் எக்ஸ்ரேயும்

விடாத வறட்டு இருமல், முன்பு சுலபமாக ஏறிய மாடிப்படியில் மூச்சு வாங்குவது, எடை குறைவது ஆகியவை டிபிக்கும் வரும், சிலிகோசிஸுக்கும் வரும். சிலிகோசிஸ் உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பும் பல மடங்கு. டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையாக “நான் இத்தனை வருஷமா கல் வெட்டுறேன்” என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயும் மூச்சளவுச் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள், சளியையும் சோதிக்கட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே பட்டியலிட்டது. கடையோ பட்டறையோ இஎஸ்ஐயில் பதிவாகியிருந்தால், தொழில் நோய்க்கான உரிமையோடு அயனாவரம், கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனைகளுக்குப் போகலாம். தனியாளாக வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வருடம் யாரிடம் என்ன வேலை செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அவைதான் சாட்சி.